பந்தலுக்கும் வேர் வேண்டும்

ஏனாத்தூரிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஊர் அது. 1993-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயம் இருக்கும் ஊர். கடிதத்தின் சாரம் இதுதான்:

"எங்கள் வீடு கான்கிரீட் தளம் போட்ட வீடு. கீழே கூடத்தில் மாமனாரின் பட்டுத்தறி ஓடுகிறது. மொட்டை மாடியில் பத்தடிக்குப் பன்னிரண்டடி மரப்பலகைத் தளம் ஒன்று போட்டு, அதன்மேல் நாலு தூண் நிறுத்திப் பந்தல் போட வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. சாயங்காலத்தில் உட்காரவும், குழந்தைகள் படிக்கவும், வடாம் காயப் போடுகிறபோது நான் நிழலில் நிற்கவும் ஆகும் என்கிறார். மாமியாரோ, 'மாடியில் ஒரு துளை விழக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் பாவில் விழுந்தால் உங்கள் மாமாவின் ஒரு மாத உழைப்பு போச்சு' என்கிறார். 'துளை போடாமல் சும்மா நிறுத்தினால் முதல் காற்றுக்கே பறந்து போய்விடும். சுற்றிலும் வெற்று மனைகள். காற்றுக்குத் தடையே இல்லை' என்கிறார் அவர். தச்சரைக் கேட்டால், 'பலகையிலே தூணுக்கு நாலு திருகாணி போட்டா அசையாதும்மா' என்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது?"

சகோதரி, இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் மாமியார், கணவர் இரண்டு பேரும் ஒருங்கே சரியாகப் பேசுவது மிகவும் அபூர்வம். உங்கள் வீட்டில் அது நடந்திருக்கிறது. துளை போட்டால் ஒழுகும் என்பதும் உண்மை. பிடிப்பில்லாவிட்டால் பறக்கும் என்பதும் உண்மை. சரியில்லாதது அந்த நாலு திருகாணி மட்டும்தான். ஏன் என்று சொல்லிவிட்டு, இருவர் பேச்சும் நிலைக்கும்படி என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

கால் நடுவதற்கே முகூர்த்தம்

கல்யாண வீட்டில் நம் பெரியவர்கள் எதற்கு முகூர்த்தம் பார்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பந்தலுக்குக் கூரை வேய்வதற்கு அல்ல, பந்தக்கால் நடுவதற்கு. குழி தோண்டி, நவதானியம் இட்டு, பால் விட்டு, சுமங்கலிகள் சேர்ந்து காலை நிறுத்துகிறார்கள். சம்பிரதாயத்தின் பொருள் எதுவாக இருந்தாலும், அதற்குள்ளே ஒரு கொத்தனாரின் புத்தியும் இருக்கிறது. பந்தலின் உயிர் மேலே இருக்கும் கீற்றில் இல்லை; மண்ணுக்குள்ளே போயிருக்கும் காலில் இருக்கிறது. சவுக்குக் கழியைக் குழிக்குள் இறக்கி மண்ணை இடித்துக் கெட்டித்துவிட்டால், சுற்றியுள்ள மண் அதை விடாது.

மொட்டை மாடியில் மண் ஏது? அங்கே நிறுத்துகிற கால் தரையில் நிற்கிறதே ஒழிய, தரைக்குள் போகவில்லை. பொம்மைக் கொலுவில் வைத்த பொம்மை மாதிரிதான். மரப்பலகைத் தளத்தின் மேல் நிறுத்தினாலும் அதே கதைதான். ஆகவே அந்தக் காலுக்கு நாமாக ஒரு வேரை உண்டாக்கித் தர வேண்டும்.

விழுவதல்ல, பறப்பதே அபாயம்

பந்தல் என்றதும் நாம் எல்லோரும் பயப்படுவது அது தலைமேல் விழுந்துவிடுமோ என்றுதான். அதனால் தூணைப் பருமனாகப் போடச் சொல்கிறோம். ஆனால் நாலு நல்ல தூண் இருந்தால் ஒரு கூரையைத் தாங்குவது பெரிய காரியமில்லை. காற்று அடிக்கும்போது அந்தக் கூரை மேலே போகப் பார்க்கிறதே, அதைப் பிடித்து நிறுத்துவதுதான் பெரிய காரியம். எதிர்க்காற்றில் குடை பிடித்த எல்லோருக்கும் இது தெரியும். குடை கையை அழுத்தாது. கையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும்.

எவ்வளவு வேகமாகப் பிடுங்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நம் நாட்டுக் கட்டிட விதிகளில் இருக்கிற காற்றழுத்தச் சூத்திரத்தைக் கொண்டு, உங்கள் பத்துக்குப் பன்னிரண்டு பந்தலுக்கு முழுவதும் தகடு போட்டால் என்ன ஆகும் என்று பார்த்தேன். காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் ஏறக்குறைய 130 கிலோ. அதே காற்று 100 கிலோமீட்டர் வேகம் எடுத்தால் இரண்டு மடங்குதானே என்று நினைக்காதீர்கள். நாலு மடங்கு, அதாவது 500 கிலோவுக்கு மேல்! கூரையின் சாய்வையும் காற்று வரும் திசையையும் பொறுத்து இது கூடலாம், குறையலாம். ஆனால் வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்காகும் என்பது மாறாது. தகடும் இரும்புக் குழாயும் சேர்த்து உங்கள் பந்தலின் சொந்த எடை 150 கிலோ இருந்தால் அதிகம். மீதி 350 கிலோவை எது பிடித்துக்கொள்ளப் போகிறது?

நூறு கிலோமீட்டர் வேகம் எல்லாம் நம் பக்கம் வருமா என்று கேட்பீர்கள். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது அந்த வேகத்துக்கு மேலேயே அடித்தது. பல ஆயிரம் மரங்கள் வேரோடு சாய்ந்தன. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையேறியது. புயலுக்காவது முன்கூட்டி எச்சரிக்கை வருகிறது. வைகாசி, ஆனியில் பகலெல்லாம் வெயில் கொளுத்திவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் திடீரென்று இருட்டிக்கொண்டு ஒரு சூறைக்காற்று வரும். அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. பறக்கிற தகடு நம் மாடியோடு நிற்பதும் இல்லை. அடுத்த வீட்டு முற்றத்தில் விளையாடும் குழந்தையின் மேலோ, தெருவில் சைக்கிளில் போகிறவர் மேலோ போய் விழும். நம் நிழலுக்காகப் பிறத்தியார் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை.

வரதர் கோயில் சங்கிலி

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் நூற்றுக்கால் மண்டபத்தை நீங்கள் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். அந்த மண்டபம் காற்றில் பறக்குமோ என்று யாரும் கவலைப்பட்டதில்லை. கல்லின் கனமே அதற்குக் காவல். நம் பந்தலுக்கு அந்தக் கனம் இல்லை. ஆகையால் பிடிப்பு வேண்டும். அதற்கும் பாடம் அதே மண்டபத்திலேயே இருக்கிறது. மூலையில் கல்லிலே செதுக்கிய சங்கிலி தொங்குகிறதல்லவா? வளையத்துக்குள் வளையம், எல்லா வளையமும் அறுபடாமல் இருக்கிற வரையில்தான் அது சங்கிலி.

உங்கள் பந்தலும் ஒரு சங்கிலிதான். தகட்டைக் குறுக்குச் சட்டம் பிடிக்கிறது. சட்டத்தை உத்தரம் பிடிக்கிறது. உத்தரத்தைத் தூண் பிடிக்கிறது. தூணைத் தளம் பிடிக்கிறது. தளத்தை வீடு பிடிக்கிறது. இதில் ஒரு வளையம் விட்டாலும் மற்ற நாலும் கெட்டியாக இருந்து பிரயோஜனமில்லை. ஆட்களிடம் பேசும்போது, மேலே தொடங்கி ஒவ்வொரு வளையமாக விரலை வைத்து, "இதை எது பிடிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே கீழே வாருங்கள். "அது நிக்கும்மா" என்று எந்த இடத்தில் பதில் வருகிறதோ, அந்த இடத்தில்தான் வளையம் இல்லை.

தச்சரின் நாலு திருகாணி

இப்போது தச்சரிடம் வருவோம். அவர் தூணின் அடியை வைக்கப் போவது ஓர் அங்குலப் பலகையின் மேல். திருகாணி இறங்கப் போவதும் அந்த ஓர் அங்குலத்துக்குள்தான். பலகை நம் காலைத் தாங்கப் போட்டது. தூணின் இழுப்பைத் தாங்க அல்ல. காற்று ஆட்ட ஆட்டத் திருகாணியின் துளை பெரிதாகும். மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, மரம் வெடிக்கும். இரண்டு பருவம் தாண்டினால் கையால் பிடுங்கலாம்.

செய்ய வேண்டிய முறை இது. பலகைக்குக் கீழே ஓடும் கனமான சட்டங்களில்தான் பிடிப்பு இருக்க வேண்டும். தூண் வருகிற இடத்தில் இரண்டு சட்டங்களுக்கு நடுவே அதே கனத்தில் குறுக்குக் கட்டைகள் கொடுத்து இறுக்கி, தூணின் அடித்தகட்டிலிருந்து அரை அங்குலப் போல்ட் பலகையையும் கட்டையையும் ஊடுருவி அடியில் வெளியே வரச் செய்து, அகலமான வாஷர் வைத்து நட்டை முடுக்க வேண்டும். திருகாணி மரத்தின் நாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஊடுருவிய போல்ட்டோ கட்டை முழுவதையும் கைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறது. தூண் மரமானால் அதன் அடி பலகையில் உட்காரக் கூடாது. தகட்டுக் காலணி ஒன்றில் நிறுத்தி, அரை அங்குலமாவது தூக்கி வைத்தால் தண்ணீர் தேங்காது. மரம் உளுத்துப் போவது அடியிலிருந்துதான். போல்ட், நட், வாஷர் எல்லாம் துத்தநாகம் பூசியதாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். செலவை மிச்சம் பிடிக்க வேறு எத்தனையோ இடம் இருக்கிறது, இங்கே வேண்டாம்.

இப்படிச் செய்தால் தூணைத் தளம் பிடித்துக்கொண்டது. ஆனால் தளத்தை எது பிடிக்கிறது? கொல்லைப்புறத்தில், தரைக்குள் கால் நட்டு எழுப்பிய பலகைத் தளமானால் இத்தோடு காரியம் முடிந்தது, மண் பார்த்துக்கொள்ளும். உங்கள் தளமோ மாடியின் மேல் சும்மா கிடக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அங்குலத் தேக்குப் பலகை போட்டால் அது சுமார் 180 கிலோ. அடிச்சட்டங்களையும் சேர்த்தால் 250. அதோடு பந்தலின் 150 கிலோவையும் கூட்டுங்கள், 400 ஆகிறது. காற்றின் கணக்கோ 500-க்கு மேல்! பந்தலைத் தளத்தோடு இறுகப் பிணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினால், பந்தல் தளத்தையும் கூட அழைத்துக்கொண்டு கிளம்பிவிடும். ஆகவே மாடி வீட்டில் தூண் பலகைத் தளத்தை நம்பக் கூடாது. பலகையில் சதுரமாக இடம் விட்டு, தூண் அதன் வழியே கீழே இறங்கி வீட்டின் கான்கிரீட்டையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

மாமியாரின் ஒரு சொட்டு

இங்கேதான் உங்கள் மாமியாரின் கவலை குறுக்கே நிற்கிறது. அது நியாயமான கவலை. பட்டும் ஜரிகையும் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மொட்டை மாடியின் மேல் தட்டோடு பதித்திருக்கும். அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட, நாலு அங்குலம் வரை கனமான ஒரு பூச்சு. அதற்கும் கீழேதான் உண்மையான கான்கிரீட் தளம். அதன் கனமே பெரும்பாலும் நாலரை ஐந்து அங்குலம்தான். மேலிருந்து துளைத்து ஆங்கர் போல்ட் இறக்குகிற ஆள், பல சமயம் அந்தச் சுண்ணாம்புப் பூச்சிலேயே நிறுத்திவிடுகிறார். அது தூணையும் பிடிக்காது. மழைத் தண்ணீருக்கு மட்டும் வழி காட்டும். பிடிப்பும் இல்லை, ஒழுக்கும் உண்டு. இரண்டும் கெட்ட வேலை இதுதான்.

சரியான வழி, துளை போடுவதல்ல, திட்டு எழுப்புவது. வீட்டின் தூண்கள் அல்லது உத்தரங்கள் எந்தச் சுவரின் மேல் ஓடுகின்றன என்று, வீடு கட்டிய மேஸ்திரியிடமோ வரைபடத்திலோ பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் மாடி எழுப்பலாம் என்று தூண் கம்பிகளை வெளியே நீட்டி விட்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அந்தக் கம்பிகளே வேர். இல்லாவிட்டால், அந்த இடத்தில் மட்டும் தட்டோட்டையும் சுண்ணாம்புப் பூச்சையும் வெட்டியெடுத்து, கான்கிரீட்டில் கம்பியை எபாக்ஸிப் பசை வைத்துப் பதித்து, அதன்மேல் ஓர் அடி உயரத்துக்குக் கான்கிரீட் திட்டு வார்க்க வேண்டும். தூணின் போல்ட்டுகளை அந்தத் திட்டின் தலையில் பதித்துவிட்டால், அவை மழைத் தண்ணீர் ஓடும் மட்டத்துக்கு ஓர் அடி மேலே இருக்கும். திட்டும் மாடியும் சேரும் மூலையில் சுற்றிலும் சாய்வாகப் பூசி, நீர் புகாத பூச்சு கொடுத்து, அது உலர்ந்ததும் நாலு பக்கமும் சிறிய வரப்புக் கட்டித் தண்ணீரை இரண்டு நாள் தேக்கி வைத்துப் பாருங்கள். கீழே ஈரம் கசியவில்லை என்று உங்கள் மாமியாரே கூரையைத் தடவிப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு தூணை நிறுத்துங்கள். அதுவரையில் தறியின் மேல் ஒரு தார்ப்பாயும் இருக்கட்டும். திட்டுக்கு நாலு இடம் தேர்ந்தெடுக்கும்போது, தறிக்கு நேர் மேலே ஒன்றுகூட வராதபடி பந்தலை ஓரிரு அடி தள்ளி அமைக்க முடியுமானால், வீட்டில் சமாதானம் பூரணமாகிவிடும்.

ஒன்றைச் செய்யாதீர்கள். மாடியின் கைப்பிடிச் சுவரோடு தூணைச் சேர்த்துப் பிணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்தச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல். குழந்தைகள் விழாமல் தடுக்கக் கட்டியது. பந்தல் இழுத்தால் சுவரும் சேர்ந்து தெருவில் விழும்.

துளையே கூடாது என்றால்

மாமியார் எதற்கும் இசையவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது வரதர் கோயில் மண்டபத்தின் வழிதான்: கனம். காற்று ஓர் ஓரத்தைத்தான் முதலில் தூக்கும். எனவே நாலால் வகுத்த கணக்குப் போதாது. ஒவ்வொரு தூணுக்கும் 200 கிலோவாவது அடியில் இருக்கட்டும். ஒரு கன அடிக் கான்கிரீட் சுமார் 68 கிலோ. மூன்று கன அடி வார்த்தால் கணக்குச் சரி. ஆனால் நாலு இடத்தில் இப்படி வைப்பது மொத்தம் 800 கிலோ. அது உத்தரத்துக்கோ தூணுக்கோ நேர் மேலேதான் உட்கார வேண்டும், தளத்தின் நடு வயிற்றில் அல்ல. பாரம் ஏற்றுமுன் ஒரு கட்டிடப் பொறியாளரிடம் காட்டிவிடுவது நல்லது.

தண்ணீர் நிரப்பிய பீப்பாயைக் கட்டி வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். சித்திரையில் குழாயில் தண்ணீர் வராத நாளில் முதலில் காலியாவது அந்தப் பீப்பாய்தான். சூறைக்காற்று வருவதும் அந்த நாட்களில்தான். மணல் மூட்டையோ, இரண்டு கோடை வெயிலில் சாக்கு இற்றுப் போய்க் கொட்டிவிடும்.

ஓட்டு வீட்டுக்காரர்களும், மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மெட்ராஸ் தளத்து வீட்டுக்காரர்களும் இந்த யோசனை எதையும் பின்பற்ற வேண்டாம். அந்தத் தளத்துக்குத் துளையும் ஆகாது, பாரமும் ஆகாது. வெயில் நேரத்துக்கு ஒரு துணியைக் கட்டி, வேலை முடிந்ததும் அவிழ்த்து மடித்து வைப்பதே அவர்களுக்கு உகந்தது.

காற்றுக்கும் வழி விடுங்கள்

பிடிப்பைப் பலப்படுத்துவது ஒரு பாதி. காற்றின் இழுப்பைக் குறைப்பது மறு பாதி. மூடிய தகட்டுக்குப் பதிலாக, இடைவெளி விட்டுக் குறுக்குச் சட்டங்கள் மட்டும் ஓடும் பந்தலை இப்போது 'பெர்கோலா' என்று இத்தாலியப் பெயர் சொல்லிக் கடைகளில் விற்கிறார்கள். நம் புடலைப் பந்தலுக்கு ஒன்றுவிட்ட தங்கைதான் அது. காற்று இடைவெளியில் புகுந்து போய்விடுவதால் மேலே தூக்குவது வெகுவாகக் குறையும். உங்கள் கணவருக்கு ஆசை நிறைவேறும்; திட்டுக்கும் போல்ட்டுக்கும் வேலை எளிதாகும். நிழலுக்கு மேலே துணியோ பச்சை வலையோ போடுவதானால், இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போட்டுக் கட்டுங்கள். வானம் கறுத்தால் ஐந்து நிமிஷத்தில் உருவி எடுத்துவிடலாம்.

கொடி ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடியில் விதைத்த அவரையும் புடலையும் ஐப்பசி கார்த்திகையில் பந்தலை நிறைத்துவிடும். புயல் பருவமும் அதுவேதான். இலை அடர்ந்த கொடி, ஈரமான ஜமக்காளத்தை விரித்த மாதிரி, காற்று புகாது. மழைக்காலம் தொடங்குமுன் கொடியைக் கழித்து, வானம் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

தூணும் உத்தரமும் சேரும் மூலைதோறும், இரண்டடி நீளத்தில் சாய்வுக் கட்டை இரண்டு பக்கமும் கொடுக்கச் சொல்லுங்கள். ஆடுகிற கட்டிலுக்கும் ஆடுகிற பந்தலுக்கும் வைத்தியம் ஒன்றே. ஆட்டம் நின்றால்தான் முடுக்கிய நட் முடுக்கினபடி இருக்கும். குறுக்குச் சட்டத்தை உத்தரத்தோடு சேர்க்க மேலிருந்து அடித்த ஆணி போதாது. ஆணி எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே திரும்பி வரும். சட்டத்தைச் சுற்றி வந்து உத்தரத்தின் பக்கவாட்டில் முடுக்கிய இரும்புப் பட்டை வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் வருஷத்துக்கு ஒரு நாள் பந்தலுக்கு ஒதுக்குங்கள். புரட்டாசி முடிவதற்குள், கையில் ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், ஒவ்வொரு நட்டாக முடுக்கிப் பாருங்கள். துரு தட்டுகிறதா, தூணின் அடி மெத்தென்று இருக்கிறதா, திட்டின் ஓரத்தில் கீறல் தெரிகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். நம் வீட்டில் ஊறுகாய் ஜாடிக்குக் காட்டும் கவனத்தில் பாதி காட்டினால், பந்தல் பல வருஷம் இருந்த இடத்தில் இருக்கும்; கீழே தறியும் நனையாமல் ஓடும்.